வயலுக்கு ஒரு சீருடை: போர்க்காலம் சொல்லும் பாடம்

நமது இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு மோகனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெண் விவசாயி எழுதியிருந்த கடிதத்தை ஆசிரியர் எனக்கு அனுப்பியிருந்தார். கேள்வி இதுதான்:

‘எங்களுக்கு வாய்க்கால் பாசனத்தில் 2 ஏக்கர் கரும்பு இருக்கிறது. சோகை உரிக்க வரும் பெண்களோடு நானும் இறங்கி வேலை செய்கிறேன். கை, கழுத்து, முகம் எல்லாம் கீறலும் அரிப்பும்தான். எங்கள் ஆறு பேருக்கும் முழுக்கைச் சட்டையும் கையுறையும் வாங்கலாம் என்று வீட்டில் சொன்னேன். “என்ன, பட்டாளத்துக்கா போறீங்க?” என்று சிரிக்கிறார்கள். பெண்கள் விவசாய வேலை செய்வதற்கென்று தனி உடை ஏதாவது உண்டா? இருந்தால் எது நல்லது?’

நான்கு வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் ‘பட்டாளத்துக்கா போறீங்க’ என்ற அந்தக் கேலி என்னை யோசிக்க வைத்தது. ஏனென்றால், வயலில் இறங்கிய பெண்களை ஒரு நாடு உண்மையாகவே பட்டாளமாகச் சேர்த்து, அவர்களுக்குத் தலை முதல் கால் வரை சீருடை கொடுத்த வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் ஒரு நுனி நம் தமிழ்ப் பெண்களையும், இன்னொரு நுனி நம் சேலம், நாமக்கல் மரவள்ளிக் காட்டையும் வந்து தொடுகிறது. அதைச் சொல்லிவிட்டே பதிலுக்கு வருகிறேன்.

நிலத்துக்கு ஒரு படை

பிரிட்டன் ஒரு தீவு நாடு. இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் தனக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியைக் கப்பலில்தான் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. போர் வந்தால் எதிரியின் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்கும்; அதே நேரத்தில் பண்ணை வேலை செய்யும் ஆண்கள் ராணுவத்துக்குப் போய்விடுவார்கள். அப்படியானால் உழுவது யார், பால் கறப்பது யார்?

முதல் உலகப் போரில், 1917இல், இதே நெருக்கடி வந்தபோது ‘பெண்கள் நிலப் படை’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, போர் முடிந்ததும் கலைத்திருந்தார்கள். அதையே 1939 ஜூன் மாதத்தில், அடுத்த போர் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னதாகவே, மீண்டும் உயிர்ப்பித்தார்கள். லேடி டென்மன் என்ற பெண்மணி அதன் தலைவியானார். சசெக்ஸ் பகுதியில் இருந்த அவருடைய சொந்த வீடே தலைமை அலுவலகம் ஆயிற்று.

முதலில் விருப்பப்பட்ட பெண்கள் மட்டும் சேர்ந்தார்கள். 1941 டிசம்பரில் பெண்களையும் தேசியப் பணிக்கு அழைக்கும் சட்டம் வந்தபிறகு எண்ணிக்கை வேகமாக உயர்ந்தது. 1943இல் 80,000 பெண்களுக்கு மேல் பண்ணைகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கினர் லண்டனிலிருந்தும் வடக்கே இருந்த ஆலை நகரங்களிலிருந்தும் வந்தவர்கள். முடி திருத்தும் கடையிலும் துணிக்கடையிலும் அலுவலகத்திலும் இருந்தவர்கள், மாட்டின் மடியைத் தொட்டே பார்க்காதவர்கள். அவர்கள் பால் கறந்தார்கள், டிராக்டர் ஓட்டினார்கள், கிழங்கு தோண்டினார்கள், கதிரடித்தார்கள், வடிகால் வெட்டினார்கள். தானியக் களஞ்சியங்களில் எலி பிடிப்பதற்கென்றே தனியாகப் பயிற்சி பெற்ற பெண்களும் இருந்தார்கள். காட்டில் மரம் வெட்டுவதற்கு 1942இல் தனிப் பிரிவு ஒன்றும் உருவானது.

ஆரம்பத்தில் பண்ணைக்காரர்கள் பலர் இவர்களை நம்பவில்லை. ‘பட்டணத்துப் பிள்ளைகள் சேற்றில் என்ன செய்யப் போகிறார்கள்’ என்றார்கள். கூலியும் ஆண்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. ஓர் அறுவடை முடிந்த பிறகுதான் பேச்சு மாறியது.

ஒவ்வொரு துணிக்கும் ஒரு காரணம்

இந்தப் படையின் சீருடையைக் கொஞ்சம் கவனித்துப் பார்ப்போம். பழுப்பு நிறத்தில் முழங்கால் வரையிலான கனத்த கார்டுராய் காற்சட்டை. வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பில் காற்றோட்டமான சட்டை. அதன் மேல் பச்சை நிறக் கம்பளிப் பின்னல் மேலாடை. முழங்கால் வரை நீளும் கம்பளிக் காலுறை, பழுப்புத் தோல் காலணி, பழுப்பு நிறத் தொப்பி. வேலை நேரத்தில் போட்டுக்கொள்ள, மார்பு வரை ஏறும் தளர்வான மேல்காற்சட்டை. மழைக்கு ஒரு மேலங்கி, சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ்.

எந்தத் துணியையும் அழகுக்காகச் சேர்க்கவில்லை. பாவாடை நுனி முள்வேலியில் மாட்டும், இயந்திரத்தில் சிக்கும், அதனால் காற்சட்டை. முழங்காலிட்டுக் கிழங்கு பொறுக்க வேண்டும். அதனால் கனத்த துணி. விடியற்காலைக் குளிரில் பால் கறக்க வேண்டும், அதனால் கம்பளி. பெண்கள் காற்சட்டை போட்டு ஊருக்குள் நடப்பது அன்றைக்கு அங்கேயும் கேலிக்குரிய விஷயம்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தப் பெண்களுக்குக் கொடுத்த கையேட்டில், ஆண்களைப் போல உடுத்தினாலும் ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும் என்று புத்திமதி சொல்லியிருந்தார்கள். வேலைக்காக ஒரு பெண் உடை மாற்றினால் ஊர் முதலில் அவளுடைய நடத்தையைத்தான் பேசும் என்பது நம் ஊருக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை என்று தெரிகிறது.

சீருடையில் இன்னொன்றும் இருந்தது: கையில் கட்டிக்கொள்ளும் பட்டை. ஆறு மாதப் பணி முடிந்ததும் அதில் ஓர் அரை வைரக் குறி தைத்துக்கொள்ளலாம். அதைப் பார்த்தாலே இவள் எத்தனை காலமாக வயலில் உழைக்கிறாள் என்பது தெரிந்துவிடும். என் கணக்கில் அந்தச் சீருடையிலேயே முக்கியமான பொருள் அந்தப் பட்டைதான். சட்டை உடம்பைக் காத்தது. பட்டை, ‘இவள் செய்வது கைத்துணை அல்ல, வேலை’ என்று ஊருக்குச் சொன்னது.

பூட்ஸின் ரப்பர் எங்கிருந்து வந்தது?

சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ் என்றேன் அல்லவா? 1942 தொடங்கியதும் அந்த பூட்ஸுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. மாட்டுத் தொழுவம் போன்ற ஈர வேலைக்குப் போகிறவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து, மற்றவர்களைத் தோல் காலணியோடு சமாளிக்கச் சொன்னார்கள். காரணம், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்குள் மலாயா முழுவதும் அவர்கள் கைக்குப் போயிருந்தது. அன்று உலகச் சந்தைக்கு வந்த இயற்கை ரப்பரில் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் அதை அடுத்திருந்த டச்சுக்காரர்களின் தீவுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

மலாயாவின் பெரிய தோட்டங்களில் அந்த ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் மிகுதியானவர்கள் தமிழர்கள். அன்றைய சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணி வழியாகக் கப்பலேறிய குடும்பங்கள். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான்; அன்று நம் ஊர்களும் அந்தப் பெரிய மாவட்டங்களுக்குள்தான் இருந்தன. ஆண்களுக்குச் சமமாகப் பெண்களும் விடியும் முன்னே மரம் சீவப் போனார்கள், களை வெட்டினார்கள். கூலி மட்டும் ஆண்களைவிடக் குறைவு. அவர்களுக்குச் சீருடையும் இல்லை, பூட்ஸும் இல்லை. இங்கிலாந்தில் ஒரு பெண்ணின் கால் சேற்றில் நனையாமல் காத்த பூட்ஸின் ரப்பரில், வெறுங்காலோடு நின்று பால் எடுத்த தமிழ்ப் பெண்களின் உழைப்பும் கலந்திருந்தது.

ஜப்பானியர் வந்தபிறகு தோட்டங்களில் ரப்பர் வேலை படுத்துவிட்டது. ரப்பரை வாங்க ஆள் இல்லை. வெளியிலிருந்து அரிசி வருவதும் நின்றுபோனது. தோட்டத்து ஆண்களில் பல்லாயிரம் பேரை சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். ‘சயாம் மரண ரயில்’ என்று மலேசியத் தமிழர்கள் இன்றும் சொல்வது அதைத்தான். போனவர்களில் மிகப் பலர் காய்ச்சலிலும் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். பின்தங்கிய பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் தோட்டத்து ஓரங்களைக் கொத்தி மரவள்ளி போட்டார்கள். அந்த மூன்றரை ஆண்டுக் காலம் மலாயாவில் ஏழைகளின் உயிரைப் பிடித்து வைத்தது மரவள்ளிக்கிழங்குதான்.

துணியும் இல்லை. உடுத்தியிருந்தது கிழிந்தால் மாற்றத் துணி கிடைக்காமல் சாக்கை வெட்டி உடுத்தியவர்கள் உண்டு. அதே தோட்டங்களிலிருந்துதான் 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்கு இளம்பெண்கள் சேர்ந்தார்கள். டாக்டர் லட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் பெரும்பாலோர் மலாயாத் தோட்டத் தமிழ்ப் பெண்கள். அவர்களுக்குச் சட்டையும் காற்சட்டையும் தொப்பியும் கொண்ட சீருடை கிடைத்தது. அந்தப் படையை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் அவர்களுடைய தாய்மார்களும் தங்கைகளும் மண்வெட்டி பிடித்துக் கிழங்கு விளைவித்து ஊரையே காப்பாற்றினார்களே, அவர்களைப் படை என்று யாரும் சொல்லவில்லை. துப்பாக்கி பிடித்தவளுக்குச் சீருடை. மண்வெட்டி பிடித்தவளுக்குச் சாக்கு.

அதே போர், அதே கிழங்கு, சேலத்தில்

இந்தப் பக்கம் நம் ஊருக்கு வருவோம். 1942இல் பர்மாவும் விழுந்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அரசாங்கம் ‘அதிக உணவு விளைவிப்போம்’ இயக்கத்தைத் தொடங்கியது. 1943இல் வங்காளத்தில் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். நம் மாகாணத்தில் உணவுப் பங்கீடு வந்தது. அதே 1943இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தறி ஓடும் சேலத்திலேயே துணிக்கு அலைய வேண்டிய காலம் அது.

போருக்கு முன் நமக்கு ஜவ்வரிசியும் மாவும் சிங்கப்பூர், மலாயாப் பக்கத்திலிருந்து கப்பலில்தான் வந்தன. அதுவும் நின்றபோது, 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து இங்கே விளையும் மரவள்ளியிலிருந்தே ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார்கள். உணவுத் தட்டுப்பாட்டால், கிழங்கு மக்களுக்குச் சாப்பிட வேண்டும் என்று இடையில் தடையும் வந்தது. அதையெல்லாம் தாண்டி வளர்ந்த தொழில் இது. 1981இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், இன்று நாமக்கல், சேலம் மானாவாரியிலும் தோட்டத்திலும் நிற்கும் மரவள்ளியும் அந்தப் போர்க்காலத் தொடக்கத்தின் தொடர்ச்சிதான்.

அந்தக் கிழங்கை அன்று நட்டது, களை எடுத்தது, தோல் உரித்தது யார்? இன்று யாரோ, அன்றும் அவர்கள்தான். நம் ஊரில் பெண்கள் வயலுக்குப் போவதற்குப் போர் எதுவும் தேவைப்படவில்லை. எப்போதும் வயலில்தான் இருந்தார்கள். எப்போதும் இருந்ததால்தான் யார் கண்ணிலும் படவில்லை. பிரிட்டனில் அது புதுமை என்பதால் சீருடை கொடுத்தார்கள். நம்மிடம் அது வழக்கம் என்பதால் ஒன்றும் கொடுக்கவில்லை.

சீருடை கொடுத்தவர்களும் செய்த தவறு

சீருடை கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். போர் முடியும் தறுவாயில், ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்குக் கொடுக்கும் பணிக்கொடையும் மறுவாழ்வு உதவியும் நிலப் படைப் பெண்களுக்குக் கிடையாது என்று பிரிட்டிஷ் அரசு சொல்லிவிட்டது. அதை எதிர்த்து லேடி டென்மன் 1945 பிப்ரவரியில் பதவியை விட்டு விலகினார். படை 1950இல் கலைக்கப்பட்டது. விலகும்போது சீருடையின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு நீண்ட மௌனம். உயிரோடு இருந்த முன்னாள் நிலப் படைப் பெண்களுக்கு அரசு ஒரு நினைவுச் சின்னம் கொடுத்தது 2008இல். 1943இல் 18 வயதில் சேர்ந்த பெண்ணுக்கு அப்போது வயது 83. அங்கீகாரம் என்பது வேலை நடக்கும்போதே கிடைக்க வேண்டும். தள்ளிப்போட்டால் வாங்கிக்கொள்ள ஆள் மிஞ்சாது.

நான் மாட்டிவிட்ட முகக்கவசம்

மற்றவர்கள் குறையைச் சொன்ன நான் என் குறையையும் சொல்ல வேண்டும். பணிக்கு வந்த புதிதில் ஒரு கிராமத்தில் பாதுகாப்பான மருந்துத் தெளிப்பு பற்றிச் செயல்விளக்கம் நடத்தினேன். ஒரு விவசாயியை முன்னால் நிறுத்தி, முகக்கவசம், கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டு, தெளிப்பானைத் தோளில் ஏற்றினேன். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ‘சரி, மருந்து ஊற்றுங்கள்’ என்று திரும்பினால், வரப்பில் உட்கார்ந்து பிளாஸ்டிக் வாளியில் மருந்தைத் தண்ணீரோடு வெறுங்கையால் கலக்கிக்கொண்டிருந்தார் அவருடைய மனைவி. முந்தானை வாளிக்குள் நனைந்திருந்தது.

கலக்கும்போது கையில் படுவது நீர்த்துப்போகாத மருந்து. தெளிப்பவரைவிட அவருக்குத்தான் ஆபத்து அதிகம் என்பது பட்டப்படிப்பில் படித்த எனக்குத் தெரியும். தெரிந்தும், கையுறையை யாருக்கு மாட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வருகைப் பதிவேட்டிலும் அன்று கணவர் பெயரைத்தான் எழுதினேன். பயிற்சிக்கு அந்த அம்மாவும் வந்திருந்தார். ‘விவசாயி பெயர்’ என்ற கட்டத்தில் அவருக்கு இடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

சமீபத்தில் மோகனூர் வாய்க்கால் பாசனப் பகுதியில் ஒரு கரும்புத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சோகை உரிக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள்: சேலையை முழங்காலுக்குக் கீழே இழுத்துச் சொருகி, மேலே ஆண்கள் முழுக்கைச் சட்டை, தலையில் காதை மூடிக் கட்டிய துண்டு, சிலர் கையில் பழைய காலுறையை வெட்டி மாட்டியிருந்தார்கள். மூத்தவரிடம் சட்டையைப் பற்றிக் கேட்டேன்.

“எங்கூட்டுக்காரரோட பழைய சட்டைங்க சார். கிழிஞ்சு அவரு வேண்டாம்னதுக்கப்புறந்தான் நமக்கு வரும். பொம்பளைக்கு வேலைச் சட்டைன்னு கடையில எங்கீங்க விக்கறாங்க?”

எந்த அரசும் ஆணை போடவில்லை. எந்த அலுவலகமும் அளவெடுத்துத் தைக்கவில்லை. சுனையும் வெயிலும் பார்த்தீனியமும் கற்றுக்கொடுத்த அனுபவத்தில் நம் பெண்கள் தாங்களே ஒரு சீருடையை உருவாக்கிக்கொண்டிருக்கிறார்கள். நாம் செய்ய வேண்டியது, அந்தச் சட்டை அடுத்தவர் கழித்துப்போட்டதாக இல்லாமல், அவர்களுக்கென்று அளவெடுத்துத் தைத்ததாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான்.

சரி, எது நல்லது?

இப்போது வாசகியின் கேள்விக்கு வருகிறேன். வேலைக்கு வேலை உடை மாறும்.

கரும்பில் சோகை உரிப்பது பொதுவாக 5ஆம் மாதமும் 7ஆம் மாதமும். சோகை விளிம்பு கிழிக்கும். சுனை தோலில் ஏறும். உள்ளே காற்றே இருக்காது. எனவே கெட்டியான, ஆனால் தளர்வான பருத்திச் சட்டை வேண்டும். வெளிர் நிறம் நல்லது. கழுத்துப்பட்டை மேலே ஏறி, பொத்தான் போடும்படி இருக்கட்டும். கை மணிக்கட்டு வரை வந்து இறுக வேண்டும். நீளம் இடுப்புக்குக் கீழே ஒரு சாண். பாலியஸ்டர் வேண்டாம், வியர்வை உள்ளேயே நின்று வேர்க்குரு வரும், மயக்கமும் வரும். இந்த வேலைக்கு பருத்திப் பின்னல் கையுறையோ, உள்ளங்கையில் ரப்பர் பூசியதோ போதும். சோகைக்குள் பாம்பு இருக்கும் என்பதால் முழங்காலுக்குக் கீழ் வரை மூடும் காலணி அவசியம்.

மருந்து வேலைக்கு இதே கையுறையைப் பயன்படுத்தக் கூடாது. துணியும் தோலும் மருந்தை உறிஞ்சி, கையோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். நைட்ரைல் அல்லது ரப்பர் கையுறைதான் சரி. கீழ்நோக்கித் தெளிக்கும்போது சட்டைக் கை, கையுறைக்கு வெளியே இருக்க வேண்டும். வாழை, கரும்பு போல மேல்நோக்கித் தெளிக்கும்போது கையுறை, சட்டைக் கைக்கு வெளியே வர வேண்டும். அப்போதுதான் வடியும் மருந்து உள்ளே இறங்காது. டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். எந்த நிறமாக இருந்தாலும் கலக்குவதற்கு நீளக் குச்சிதான், கை அல்ல. கருவுற்றவர்களும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இந்த வேலையின் பக்கமே வரக்கூடாது. தெளித்த வயலில் உடனே களையெடுக்க ஆள் இறக்காதீர்கள். எத்தனை நாள் கழித்து இறங்கலாம் என்று துண்டுச் சீட்டைப் பார்த்தோ, வேளாண் அலுவலரிடமோ தெரிந்துகொள்ளுங்கள். அந்த உடையை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். தெளிப்பு வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு உடை வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளிலேயே இருக்கிறது. இது தயவு அல்ல, சட்டம்.

நடவுக்கு பூட்ஸ் உதவாது; சேற்றில் காலைத் தூக்க முடியாது. அங்கே காலைக் காப்பது வேலைக்குப் பிந்தைய கவனம்தான். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். சேற்றுப்புண்ணோ வெட்டுக்காயமோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் பரவுவது அந்தக் காயம் வழியாகத்தான். நடவு முடிந்த சில நாளில் காய்ச்சலும் கடுமையான தசைவலியும் வந்தால் வயலில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கதிரடிக்கும் இயந்திரம், தட்டு வெட்டும் இயந்திரம், மஞ்சள் மெருகேற்றும் உருளை ஆகியவற்றின் பக்கத்தில் தொங்கும் முந்தானையும் அவிழ்ந்த கூந்தலும் உயிருக்கே ஆபத்து. மேலே சட்டை போட்டு முந்தானையை உள்ளே அடக்குவது, கொண்டையை மூடித் துணி கட்டுவது, முடிந்தால் சுடிதார் அல்லது காற்சட்டை. மாமியார், மருமகள் என்று வீட்டில் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். இயந்திரம் நம் வழக்கத்துக்காக நிற்காது.

எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கையுறை, பூட்ஸ் உரக்கடைகளிலும் வன்பொருள் கடைகளிலும் கிடைக்கும். பெண்கள் அளவு சிறியது. பெரிய கையுறை வழுக்கும், பிடி தவறும். அளவு கேட்டு வாங்குங்கள். சட்டையை உள்ளூர் தையல்காரரிடமோ மகளிர் குழுவிலோ அளவு கொடுத்துத் தைப்பதே சிறந்தது. பழைய சட்டை எதுவும் பெண்ணுடம்பின் தோளுக்கும் மார்புக்கும் பொருந்தாது. என் கணிப்பில், ஒரு மூட்டை டி.ஏ.பி. விலைக்குள் ஒருவருக்குச் சட்டை, கையுறை, பூட்ஸ் மூன்றும் அடங்கிவிடும். பயிருக்கு மூட்டை வாங்க யோசிப்பதில்லை. பயிரை வளர்க்கும் கைக்கு மட்டும் ஏன் யோசிக்க வேண்டும்?

பட்டையை யார் கட்டுவது?

உடை பாதி. மீதிப் பாதி, நிலப் படைப் பெண்களின் கையில் இருந்த அந்தப் பட்டை. நம் நாட்டில் அதற்கு ஈடானது பதிவேட்டில் இருக்கும் பெயர்தான். தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பரம்பரைச் சொத்தில் சம பங்கு என்று 1989லேயே சட்டம் வந்தது. ஆனாலும் பட்டா கணவர் பெயரில், கரும்புப் பதிவு கணவர் பெயரில், பயிர்க்கடன் கணவர் பெயரில் என்று இருந்தால், நாளெல்லாம் வயலில் நிற்பவர் தாளில் விவசாயி இல்லை. நாளைக்குக் கணவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், வெட்டுக்கு நிற்கும் கரும்புக்கு உத்தரவு வாங்கக்கூட அவர் அலைய வேண்டியிருக்கும். வாய்ப்புள்ள குடும்பங்கள் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ளுங்கள். குத்தகையிலும் குழுக் கணக்கிலும் பெண் பெயரைச் சேருங்கள். பயிற்சி வகுப்புக்கு வந்தால் உங்கள் பெயரையே எழுதச் சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் மறந்தால் கேட்டு வாங்குங்கள்.

2026ஆம் ஆண்டைச் சர்வதேசப் பெண் விவசாயி ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்திருக்கிறது. அக்டோபர் 15ஐ நம் நாட்டில் பெண் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். கூட்டம் நடக்கும், பொன்னாடை போர்த்துவார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பொன்னாடைக்குப் பதிலாக ஒரு நல்ல வேலைச் சட்டை கொடுக்கலாம்.

வாசகி அம்மாவுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஆறு சட்டையும் ஒரே நிறத்தில் தையுங்கள். கூலிக்கு வருபவருக்கும் உங்களுக்கும் ஒரே துணி. இனி யாராவது “பட்டாளத்துக்கா போறீங்க?” என்று கேட்டால், “ஆமாங்க, கரும்புக் காட்டுக்குத்தான்” என்று சொல்லிவிட்டு இறங்குங்கள்.